டின் திறக்கும் சத்தம்

விளம்பரப் படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. எனர்ஜி டிரிங்க் விளம்பரத்தில் நடிகர் டின்னைத் திறந்ததும் மலையே பிளக்கிற மாதிரி ஒரு ‘ட்ஷ்ஷ்ஷ்’ வருமே, அது அவர் ஸ்டூடியோ மைக் முன்னால் வாயாலேயே போட்டது. நிஜ டின் தும்மக்கூட மாட்டேன் என்று அடம்பிடித்தால் வேறு என்னதான் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். அந்த விளம்பரம் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்கிற ரகம். அவனுக்கென்றே அதே டின்னை வாங்கி வைத்திருந்தார். ஆசையாகத் திறந்தான். ‘புஸ்’ என்றது, அவ்வளவுதான்.

“மாமா, உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டாங்க. இது டூப்ளிகேட்டு!”

“அசல்தான்டா! டிவியில வர்ற சத்தம்தான் நான் வாயால போட்டது.”

“சும்மா கதை விடாதீங்க.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைக் குவித்து, அதே ‘ட்ஷ்ஷ்ஷ்’ஷை அங்கேயே போட்டுக் காட்டினார்.

மச்சான் கண்ணை மூடிக் கேட்டான். “பரவாயில்லையே, கிட்டத்தட்ட வந்துடுச்சு மாமா. ஆனா என்ன இருந்தாலும் அசல் அசல்தான்.”

அவர் குழம்பிப்போய், இன்னொரு தடவை வாயைக் குவித்தார்.