அணைக்க மறந்த அலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு அண்ணி கல்லாய்ச் சமைந்த கதை சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கும்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. நடுவில் ஒரு எஃகுக் கலம், அதற்குள் துளி வாயு, சுற்றிலும் காந்தச் சுருள். காந்தத்துக்குள் மின்னேற்றமுள்ள துகள் நேராக ஓடாது, வட்டமடிக்கும். ராட்டினம் நம்மைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளினால் வேகம் ஏறிக்கொண்டே போகுமில்லையா? அப்படித்தான் கலத்துக்குள் பாய்ச்சும் நுண்ணலை ஒவ்வொரு சுற்றுக்கும் துகளைத் தள்ள வேண்டும். தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளினாலும் வீண். துகள் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதோ காந்தத்தின் வலுவைப் பொறுத்தது.

காந்தத்தின் திருகு அண்ணி பொறுப்பு, அலை நாத்தனார் பொறுப்பு. துகள் வேகமெடுத்தால்தான் வாயு சூடேறும். மாதக்கணக்கில் போராடியும் அது நடக்கவில்லை. காந்தம் கூடக் கூட நல்லது என்று மேலதிகாரி எப்போதோ சொல்லிவைத்ததால், அதை இறக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அலையின் வலுவைத்தான் ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு நாள், இன்று சாயங்காலத்துக்குள் சூடேறாவிட்டால் கலத்தைப் பிரித்துவிடுவேன் என்றிருந்தார் அவர். பிரித்தால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

சாயங்காலமும் ஆயிற்று. மூடிவிடலாம் என்றாள் அண்ணி. முதலில் அலையை அணைத்துவிட்டுத்தான் காந்தத்தை இறக்க வேண்டும். நாத்தனாரோ துக்கத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அணைத்திருப்பாள் என்று நம்பி அண்ணி திருகை இறக்கினாள். அலை முழு வலுவில் ஓடிக்கொண்டிருந்தது.

பாதி வழியில், கலத்தின் கண்ணாடிச் சன்னல் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாய் எரிந்தது. சூட்டை அளக்க உள்ளே வைத்திருந்த டங்ஸ்டன் கம்பி, லேசில் உருகாத கம்பி, மெழுகாய்ச் சொட்டியது. காப்புச் சுவிட்ச் தானாக விழுந்து அலை நின்றது.

இயந்திரத்தைக் கொன்றுவிட்டோம் என்றே அண்ணி நினைத்தாள். திருகைப் பிடித்த விரல் பிடித்தபடியே இருந்தது.

நாத்தனார் எழுந்து வந்தாள். திருகு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“அண்ணி, கையை அசைச்சிடாதீங்க.”

“அசைக்கணும்னாலும் முடியலடி. என்ன பண்ணித் தொலைச்சேன்?”

“இத்தனை நாளா காந்தத்தை அதிகமா வச்சிருந்திருக்கோம். தாளம் இங்கதான் இருக்கு, உங்க விரலுக்குக் கீழ.”

தன் கண்மையைத் தொட்டு அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பிரிக்கச் சொல்ல வந்த மேலதிகாரி சன்னல் வழியே கம்பியின் மிச்சத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு கம்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் முழுசாய்த் திரும்பி வரட்டும், பானை நிறைந்திருக்கட்டும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தூங்கட்டும்.