கயிறு அவிழ்க்காத திறப்பு விழா

நகரத்துப் பூங்காக்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட ஒரு வேலியிட்ட திடல் வேண்டும் என்று அலுவலகத்தில் பேசிப் பேசித் தொண்டை வற்றிப் போயிருந்தேன். ஒருவழியாக அனுமதி கிடைத்ததும் ஆசை ஆசையாக வரைந்தேன். ஒரு நாயை இன்னொன்று மூலையில் மடக்க முடியாதபடி வேலியை வளைத்தேன். வாசலுக்கு இரண்டு கதவு வைத்தேன். முதல் கதவைச் சாத்தி, கயிற்றைக் கழற்றிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். கயிறு கட்டிய நாய் உள்ளே கால் வைக்கவே கூடாது. ஓடவும் முடியாமல் ஒதுங்கவும் முடியாமல் நிற்கிற நாய்க்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

திறப்பு விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் இயக்குநர் என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னிக்கு மட்டும் எல்லா நாயும் கயித்தோட இருக்கட்டும்மா. எதுக்கு வம்பு?"

"சார், கயித்தோட உள்ள விட்டாதான் வம்பு. வேணும்னா நாய் இல்லாமலே திறந்து வைங்க."

"நாய் இல்லாம நாய்த் திடலா? அப்ப ஃபோட்டோவுக்கு உன்னையும் என்னையும் குலைக்கச் சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீச்சல் குளத்தைத் திறந்துவைத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளுகிற புத்தி இது.

வாசலில் என் தம்பி தன் நாயோடு நின்றான். மண்டை பெரிதாக இருப்பதால் அதற்குச் சட்டி என்று பெயர். மனைவி பிரிந்து போன பிறகு அந்த வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே துணை அதுதான். காலையில் படுக்கையை விட்டு எழுவதே சட்டிக்காகத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

"நீ சட்டிய கூட்டிட்டு வீட்டுக்குப் போ," என்றேன்.

அதற்குள் இயக்குநர் அவன் தோளில் கை போட்டுவிட்டார். "நல்ல வாட்டசாட்டமான நாயா இருக்கே, தம்பி. முன்னால வந்து நில்லுங்க." யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என் தம்பி. உள்ளே போனான்.

திடலுக்கு வேலி போட்ட ஒப்பந்தக்காரரும் தன் செவலை நாயைக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒன்றையொன்று மோந்து பார்த்துச் சுற்றின. கயிறுகள் முறுக்கிக்கொண்டன. பயந்துபோய் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கழுத்து இறுகியதும் செவலை சட்டியின் காதைக் கவ்வியது. சட்டி அதன் தாடையைப் பிடித்தது. கயிறு பிணைத்திருந்ததால் விட்டு விலகவும் வழியில்லை. புல்லில் உருண்டன. காது கிழிந்தது. ஒப்பந்தக்காரர் தலைகால் புரியாமல் நடுவில் கையை விட்டார். அவருடைய செவலையே அந்தக் கையைக் கவ்வி உதறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கயித்த விடுங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. ரிப்பன் வெட்டுவதற்காகத் தாம்பாளத்தில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, உறுமலுக்குள் குனிந்து, கயிற்றை வெட்டினேன்.

அவ்வளவுதான். இரண்டும் விலகிவிட்டன. செவலை பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தது. சட்டி ரத்தம் சொட்ட, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளி நின்றது. நாய்களுக்குச் சண்டை முடிந்துவிட்டது.

"என் கையக் கடிச்சிருச்சு, அந்தச் சனியன்!" என்று ஒப்பந்தக்காரர் சட்டியைக் காட்டி அலறினார். கூட்டம் மொத்தமும் தம்பியைப் பார்த்துக் கத்தியது. "பிடிடா! நாயைப் பிடி!"

தம்பி பாய்ந்து போய் மண்டியிட்டு, கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒப்பந்தக்காரர் வேலி ஓரம் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தார்.

"அண்ணே, கடிச்சது உங்க நாய்தான்! நான் பார்த்தேன்!" என்று குறுக்கே விழுந்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். பல் உடைந்தது.

முதல் அடி முதுகில் விழுந்தது. சட்டியின் பின்னங்கால்கள் மடங்கின. அது யாரையும் கடிக்க வரவில்லை. முன்னங்காலால் புல்லைப் பிறாண்டி, காலியாகக் கிடந்த திடலின் பக்கம் இழுத்தது. தம்பி விடவில்லை. ஆள்மேல் பாய்ந்துவிட்டால் இதைக் கொன்றுவிடுவார்களே என்று பயந்து இன்னும் இறுக்கினான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல," என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த அடி மண்டையில் இறங்கியது.

நான் அந்தக் குழாயைப் பிடுங்கி ஒப்பந்தக்காரரின் தோளில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் ஓங்கினேன். இயக்குநரும் இன்னும் சிலரும் என்னைத் தரையில் தள்ளி அமுக்கினார்கள். இதற்காக வேலை போனாலும் போகட்டும், எனக்கு வருத்தமில்லை.

கன்னம் புல்லில் அழுந்திக் கிடந்தபடி தம்பியைப் பார்த்தேன். சட்டியின் தலை அவன் மடியில் துவண்டு கிடந்தது. பட்டையிலிருந்து அவன் விரல்களை யாரோ பிரித்தெடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

"ஓடத்தான் பார்த்தான்க்கா," என்றான் என்னிடம். "நான்தான் விடல."