ஒரு ஜெபக்குறிப்பு

திரையை விலக்கிக்கொண்டு ஸ்தோத்திரம் உள்ளே வந்தபோது, கிளினிக்கில் புண்களுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருவரும் இளவட்ட வயதிலிருந்தே நண்பர்கள். இருவரும் போகும் கிறிஸ்தவ சபையில் வந்தவன் மூப்பர், பெரியவர்களில் ஒருவன். வாயைத் திறந்தாலே ஸ்தோத்திரம் என்பதால் பேரே அதுவாகிவிட்டது.

"ஸ்தோத்திரம்ணே. என்ன, மூஞ்சி உம்முனு இருக்கு?"

"காலைத் தூக்கி வை."

சர்க்கரை நோய்க்காரனின் பாதம். பெருவிரலுக்கு அடியில் ஆறாத புண். பழைய கட்டைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று எழுந்தது. டிரஸ்ஸர் மூக்கைச் சுளிக்கவில்லை. எதிரில் இருந்தவனின் வாயைவிட இந்தப் புண் யோக்கியமானது என்று நினைத்துக்கொண்டான்.

டிரஸ்ஸரின் மனைவி மனநல மருத்துவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், மாத்திரையில் தேறி, மறுபடி பாடகர் குழுவில் பாட ஆரம்பித்திருந்தாள். நெஞ்சு தாங்காமல் இதை அவன் இறக்கிவைத்தது ஒரே ஒருவனிடம். அந்த ஒருவன் போன புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, கண்ணை மூடி, குரலைத் தழுதழுக்க விட்டு, எல்லோரும் வேண்டிக்கொள்ளட்டும் என்று அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னான். சபை ஆமென் என்றது. மறுநாளே பெண்கள் திரண்டு வந்து அவள் தலையில் கைவைத்து ஆவியை விரட்டினார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்றார்கள். கொஞ்ச நாள் பாட வேண்டாம் என்றாள் போதகரின் மனைவி பாஸ்டரம்மா.

அவர்கள் போனபின் மனைவி மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள். "வீட்டு விஷயத்தை வெளிய கொண்டுபோனது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவனுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

"அண்ணி எப்படி இருக்காங்கண்ணே?"

"நீ கேக்காத."

"நான் என்ன கெட்டதுக்கா சொன்னேன்? நாலு பேரு ஜெபிச்சா நல்லதுதானே. எனக்குப் பாரம் தாங்கலண்ணே."

"உன் பாரத்தை இறக்கி வைக்க என் பொண்டாட்டி தலைதான் கெடச்சுதா?"

டிரஸ்ஸர் மருந்துத் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றினான். தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற சீடன் என்று தெரிந்தே அவன் கால்களையும் கழுவினாரே ஆண்டவர்; கழுவும்போது அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாரா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தன்னால் இவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செத்த சதையை வழித்தெடுக்கும்போது கத்தி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் என்ன என்று கை கேட்டது.

"ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காருண்ணே," என்றான் ஸ்தோத்திரம், அசையாமல்.

அதுதான் பொறுக்கவில்லை. டிரஸ்ஸர் கத்தியைக் கீழே வைத்தான். இந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று டாக்டருக்கே தெரியாது; தினம் ராத்திரி மூப்பர் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பது டிரஸ்ஸர் ஒருவனுக்குத்தான் தெரியும். மூப்பரே ஒருநாள் அழுதுகொண்டே அவனிடம் சொல்லியிருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் பிரஷர் பார்க்கக் காத்திருந்தாள் பாஸ்டரம்மா. அவளுடைய இருமல் கேட்டது.

"எனக்கும் பாரமா இருக்கு," என்று டிரஸ்ஸர் குரலை உயர்த்தினான். "பாஸ்டரம்மாவும் இருக்காங்க. மூப்பருக்காக ஒரு ஜெபக்குறிப்பு சொல்லட்டுமா?"

ஸ்தோத்திரம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, உன் கால்ல விழறேன். குடும்பம் போயிடும்ணே."

"இப்ப தெரியுதா?"

டிரஸ்ஸர் கையை உதறி விடுவித்துக்கொண்டான். பஞ்சை வைத்தான், துணியை இறுக்காமல், தளர்த்தாமல், எப்போதும்போலச் சுற்றினான்.

"மன்னிச்சிட்டியாண்ணே?"

"இல்ல. ஆண்டவர்கிட்ட கேட்டுப் பாத்தேன், மனசு இன்னும் வரல. புண்ணுக்காக நாளைக்கு வா. என் வீட்டு வாசப்படி மட்டும் மிதிக்காத. எந்தக் கூட்டத்துல எழுந்து சொன்னியோ, அங்கயே எழுந்து நான் செஞ்சது துரோகம்னு சொல்லு. அப்புறம் பேசலாம்."

நொண்டியபடி அவன் போனதும் பாஸ்டரம்மா திரையை விலக்கினாள். "ஏதோ ஜெபக்குறிப்புன்னு காதுல விழுந்துச்சே தம்பி. மூப்பருக்கு என்ன?"

குடியைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"புண்ணுதான்," என்றான். "ஒக்காருங்க. கையை நீட்டுங்க."