தணிக்கை செய்யப்பட்ட தோட்டம்

“தணிக்கை செய்யப்பட்ட தோட்டம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதே, அந்தத் தணிக்கையில இன்னா வந்துச்சுன்னு எங்க போட்டிருக்குது மாமா?”

துளசி அந்த வழவழப்பான விளம்பரத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் எண்ணெய்ப்பனை மரங்கள். நடுவில் ஒரு சிவப்பு டிராக்டர். ஓட்டுகிறவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கலைவாணன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அதான் செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கான் இல்ல?” என்றான்.

“நீ என்னைப் பொண்ணு பாக்க வந்தியே, ‘பாத்தாச்சு’ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிருந்தா எங்க அப்பா வுட்டிருப்பாரா? புடிச்சிருக்குதா இல்லையான்னு கேட்டிருக்க மாட்டாரு?”

“புடிச்சிருக்குதுன்னு தானே சொன்னேன்.”

“நீ சொன்ன. தோட்டக்காரன் சொல்லலையே.”

கலைவாணன் டிராக்டர் ஓட்டுகிறவன். செவிலிமேட்டுப் பக்கம் வயலெல்லாம் ஒவ்வொன்றாக மனையாகிவிட்டதில் உழவு குறைந்து போய், செங்கல்லும் மணலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். மலேசியாவில் ஒரு கம்பெனிக்கு டிராக்டர் ஓட்ட ஆள் வேண்டும் என்று அயல்நாட்டுத் தோட்டப் பணியாளர் வாரியம் விளம்பரம் செய்தது. அரசாங்கத்து வாரியம். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினான். உடம்பைப் பார்த்தார்கள், இரும்பு மாதிரி இருந்தது. மாசக் கடைசியில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“நீ சரின்னு சொல்லு, போறேன். வேணாம்னா விட்டுடறேன். அப்புறம் போனப்புறம் அழுவக் கூடாது” என்று சொல்லிவிட்டான். நல்ல புருஷன்தான். ஆனால் பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான்.

அவளுக்குப் பயம் வேறொன்றுமில்லை. அவள் அண்ணன் குரு பாலைவன நாட்டுக்குப் போனவன். அம்மா செத்தபோது அவனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது, முதலாளி ஊரில் இல்லை. குரு போனில் அழுதான், இங்கே கொள்ளிச்சட்டியைச் சித்தப்பா மகன் தூக்கினான். அண்ணன் பிறகு வந்து சேர்ந்துவிட்டான், நன்றாகவும் இருக்கிறான். ஆனால் அந்தப் போன் அழுகை துளசியின் காதை விட்டுப் போகவில்லை. கலைவாணன் போகும் இடத்தில் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இது தெரியாமல் சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பிள்ளையார்பாளையத்துக்குப் பட்டுத் தறிக்குத் தார் சுற்றும் வேலைக்குப் போகிற வழியில், கலெக்டர் ஆபீஸ் எதிரே இறங்கினாள். அங்கே அன்னம்மாள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடை என்று பெயர்தான். ஊரில் பாதிப் பேருடைய மனு அங்கேதான் பிறக்கும்.

“அக்கா, ஒரு மனு அடிக்கணும்.”

“பட்டாவா, ரேஷன் கார்டா?”

“மலேசியா.”

“ஏன்டி, மலேசியாவுக்கு இங்கருந்தா மனு போடுவாங்க?”

துளசி விஷயத்தைச் சொன்னாள். அன்னம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டாள்.

“தணிக்கை பண்ணது யாரு? நம்ம வாரியம். போய்ட்டு வந்து எழுதினது யாரு? நம்ம ஆபீசருங்க. அப்ப அது சர்க்கார் காகிதம். தகவல் உரிமைச் சட்டத்துல கேளு, குடுத்துத்தான் ஆகணும். இன்னா கேக்கணும், சொல்லு.”

“அந்தத் தோட்டம் நல்ல தோட்டமா? எங்க வூட்டுக்காரரை நம்பி அனுப்பலாமா?”

அன்னம்மாள் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“இப்டிக் கேட்டா, ‘கருத்து சொல்வது எங்கள் வேலை அல்ல’ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. காகிதத்தைக் கேளு துளசி. நல்லதா கெட்டதான்னு நீயே படிச்சுப் பாத்துக்கோ.”

மனு அழகாக வந்தது. வலது மூலையில் அன்னம்மாளே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை நேராக ஒட்டிக் கொடுத்தாள். “நாளைக்குக் கையெழுத்துப் போட்டு நீயே நேர்ல குடுத்துடு” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. துளசி வீட்டில் எந்தப் புதுக் காகிதமானாலும், கல்யாணப் பத்திரிகையோ பள்ளிக்கூட விண்ணப்பமோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுக்காமல் வெளியே போகாது. தலைக்குக் குளித்து, மஞ்சளைக் குழைத்து, மனுவின் நாலு மூலையிலும் தாராளமாக வைத்தாள். ‘தாயே, நல்ல பதிலா வரணும்’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருந்த வாரிய அலுவலகத்தில் மனு வாங்குகிற இடத்தில் சுகாசினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

“இன்னாம்மா இது, சாம்பார் கொட்டிடுச்சா?”

“மஞ்சள்மா.”

“ஸ்டாம்ப் மேலயுமா?”

“ஸ்டாம்ப் மூலையில தானேம்மா இருந்துச்சு.”

சுகாசினி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். “ஸ்டாம்ப்ல நம்பரே தெரியல. பழைய ஸ்டாம்ப்பைக் கழுவி ஒட்டிட்டாங்க, நீ எப்படி வாங்கினன்னு நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் புடிப்பாங்க. வேற எடுத்துக்கினு வாம்மா.”

“ஆடிட்டுன்னா?”

“தணிக்கைமா. எங்களுக்கும் வருஷா வருஷம் தணிக்கை இருக்குது இல்ல?”

துளசிக்குச் சுருக்கென்றது. “உங்களுக்கு வர்ற தணிக்கைக்கு நீங்க இந்தப் பயம் பயப்படுறீங்க. அந்தத் தோட்டக்காரனுக்கு வந்த தணிக்கையில இன்னா இருந்துச்சுன்னு கேக்கத்தான் நானும் வந்திருக்கேன்!”

உள்ளறையிலிருந்து யாரோ ‘ஹோ’ என்று சிரித்தது கேட்டது. வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்தபடி ஒருவர் வெளியே வந்தார். சிவராஜ். மேசையில் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று பலகை வைத்திருப்பவர் அவர்தான்.

“யாரும்மா அது, எங்களையே தணிக்கை பண்றது?”

துளசி ஒதுங்கி நின்றாள். அவர் மஞ்சள் மனுவை வாங்கி நின்றபடியே படித்தார். முகத்தில் சிரிப்பு போய் யோசனை வந்தது.

“கம்பெனி சமாச்சாரமும் இதுல கலந்திருக்குதும்மா. சென்னைத் தலைமை ஆபீசுல ஒரு வார்த்தை கேக்கணும்.”

“கேளுங்க சார். ஆனா மாசக் கடைசியில அவரு கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் வந்தா எனக்கு எதுக்கு சார்?”

சிவராஜ் தாடையைச் சொறிந்தார். “நகல் கேட்டா முப்பது நாள் வரைக்கும் இழுக்கும். புது ஸ்டாம்ப் ஒட்டிக்கினு வர்றப்ப, ‘கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்’னு கீழ ஒரு வரி சேத்துக்கோ. பார்வையிடறதுக்கும் சட்டத்துல இடம் இருக்குது. சென்னை சரின்னா உடனே கூப்பிடறேன்.”

துளசி ஓட்டமும் நடையுமாக எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தாள். அன்னம்மாள் மனுவைப் பார்த்து மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“அடிப்பாவி! சர்க்கார் முத்திரைக்கே மஞ்சள் பூசிட்டியே! தாலியும் கட்டி வுட்டிருக்கலாம் இல்ல?”

“கேலி பண்ணாதக்கா. இன்னொண்ணு அடிச்சிக் குடு.”

“அடிச்சித் தர்றேன். ஆனா வூட்டுக்கு எடுத்துக்கினு போவாத. இங்கயே கையெழுத்துப் போடு. வேணும்னா நான் ஒரு செபம் பண்ணித் தர்றேன். அதுல கறை படியாது.”

துளசி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு வரியும் கீழே சேர்ந்தது. அன்னம்மாள் உண்மையாகவே கண்ணை மூடி உதட்டை அசைத்துவிட்டுத்தான் மனுவைக் கொடுத்தாள்.

அப்புறம் காத்திருப்புதான். அதே வேலைக்குத் தேர்வான வசந்த் என்கிற பையன் டிராலி வைத்த பெட்டியே வாங்கிவிட்டான். பேருந்து நிறுத்தத்தில் துளசியைப் பார்த்து, “இன்னாக்கா, இன்னும் அண்ணனை லாக்கப்ல வச்சிருக்கீங்களா?” என்று கேட்டான். கலைவாணன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் டிராக்டரைத் துடைக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகத் துடைத்தான். துளசி அதைப் பார்க்காதது போலப் பார்த்தாள்.

மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் போன் வந்தது. “துளசிம்மாவா? சுகாசினி பேசறேன். சென்னையில சரின்னுட்டாங்க. நாளைக்கு வாங்க. கையை நல்லாக் கழுவிட்டு வாங்க.”

புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். சிவராஜ் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, கோப்பை அவிழ்த்து வைத்தார். அங்கங்கே சில வரிகள் மையால் அடிக்கப்பட்டிருந்தன.

“அது கம்பெனியோட வியாபாரக் கணக்கு. அதைத் தர முடியாது.”

“அவங்க எண்ணெய் வித்த கதை எனக்கு எதுக்கு சார்?” என்று துளசி பக்கத்தைப் புரட்டினாள்.

முதலில் புகைப்படங்கள். வரிசை வீடுகள். கொடியில் கைலியும் பனியனும். ஒரு சமையலறை, அதன் வாசலில் பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி. கலைவாணன் குனிந்து டிராக்டர் படத்தை மட்டும் பார்த்தான். “டயர் புதுசு” என்று முணுமுணுத்தான்.

தோட்டத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். துளசி வாய்விட்டுப் படித்தாள். “‘மேட்டுப் பகுதி. தொழிலாளர் குடியிருப்பு திருப்திகரமாக உள்ளது. கடவுச்சீட்டுகள் தொழிலாளர் வசமே உள்ளன.’ கடவுச்சீட்டுன்னா பாஸ்போர்ட் தானே?”

“அதேதான். பாத்தியா, நான் சொன்னேன் இல்ல?” என்றான் கலைவாணன்.

“இரு. இன்னும் இருக்குது. ‘ஆற்றோரப் பகுதி. கடவுச்சீட்டுகள் மேலாளர் அறையின் இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. குடிநீர்த் தொட்டி பூச்சிமருந்துக் கிடங்கை ஒட்டி அமைந்துள்ளது. மேற்படி குறைகள் உடனடியாக நிவர்த்தி செய்யப்பட வேண்டும்.’”

கலைவாணன் நிமிர்ந்தான்.

“நிவர்த்தி ஆச்சா சார்?” என்று துளசி கேட்டாள்.

சிவராஜ் கோப்பின் கடைசிப் பக்கங்களைத் தானே புரட்டிக் காட்டினார். வாரியம் கம்பெனிக்கு எழுதிய கடிதம். அப்புறம் ஒரு நினைவூட்டு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. “பதில் வரலம்மா” என்றார், சற்று சங்கடத்தோடு.

“அப்ப தணிக்கை நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. அதுக்கு மேலதான் நின்னு போச்சு” என்றாள் துளசி.

“நாம மேட்டுப் பகுதிக்கே போயிடலாம்மே” என்றான் கலைவாணன்.

“உன்னைக் கேட்டா போடுவான்? உனக்குக் குடுத்தனுப்பின ஒப்பந்தத்துல இன்னா எழுதியிருக்குது? ‘நிறுவனம் நியமிக்கும் இடத்தில்.’ நான் மூணு தபா படிச்சேன்.”

அவள் கட்டணம் கட்டி அந்தப் பக்கங்களுக்கு நகல் வாங்கினாள். நேரே எதிர்ப்பக்கம் போனாள். அன்னம்மாள் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, “எத்தினி பேரு போறாங்க?” என்று மட்டும் கேட்டாள். ஜெராக்ஸ் மிஷின் அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

கையெழுத்து நாள் வந்தது. வாரிய அலுவலகத்தில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உத்திரமேரூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் டிராக்டர்காரர்கள் வந்திருந்தார்கள். அம்மாக்களும் பெண்டாட்டிகளும் கூட வந்திருந்தார்கள். சுகாசினி பேனாக்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் மேசைக்கு வரவில்லை. சிவராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார். கடைசியில் வெளியே வந்துவிட்டார்.

“இன்னாப்பா, யாரும் கையெழுத்துப் போடலையா?”

பெட்டி வாங்கிய வசந்த்தான் தலையை நிமிர்த்தினான். மடியில் ஜெராக்ஸ் தாள். “படிச்சிக்கினு இருக்கோம் சார்.”

பந்தல் முழுக்கத் தாள் புரளும் சத்தம். படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்குத் துளசி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா, “பூச்சிமருந்துக்குப் பக்கத்துல குடிதண்ணியா? எம் புள்ளைக்கு ஊர்த் தண்ணியே சேராது!” என்று சத்தம் போட்டாள்.

கலைவாணன் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். “சார், நாங்க எல்லாரும் வர்றோம். மாட்டேன்னு சொல்லல. மேட்டுப் பகுதியில தான் வேலைன்னு எழுதணும். பாஸ்போர்ட் எங்க கையிலயே இருக்கும்னு எழுதணும். அவ்ளோதான்.”

சிவராஜ் அவனைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சென்னைக்குப் பேசியதும், சென்னை கம்பெனிக்குப் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அறுவடை தலைக்கு மேல் வந்துவிட்டது, டிராக்டர் ஓட்ட ஆளில்லை என்று கம்பெனி அங்கே தவித்துக்கொண்டிருந்ததைச் சுகாசினிதான் பிறகு சொன்னாள். எல்லோருக்கும் டீ வந்தது. டீ குடித்து முடித்து வெயில் சாயும் நேரத்துக்குக் கதவு திறந்தது.

“ரெண்டையும் ஒத்துக்கினாங்க” என்றார் சிவராஜ். “எல்லா ஒப்பந்தத்தையும் மறுபடி அடிக்கணும். ஆத்தோரப் பகுதிக்கு, அதைச் சரிபண்ற வரைக்கும் நாங்க ஆள் அனுப்பறதா இல்ல. அதையும் எழுதிட்டேன்.” கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “இனிமே அறிக்கையை நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிடலாம்னு பாக்கறேன். எனக்கும் வேலை மிச்சம்” என்றார். யாரோ கை தட்டினார்கள்.

புதுத் தாள்கள் சூடாக வந்தன. கலைவாணன் முதல் ஆளாக மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டு, திரும்பித் துளசியைப் பார்த்தான்.

அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டி, இடத்தின் பெயரை ஒரு முறை, பாஸ்போர்ட் வரியை ஒரு முறை, நிதானமாகப் படித்தாள்.

“ம். போடு மாமா” என்றாள்.