இருபத்தேழு வயதில் நூற்று எழுபது

இருபத்தேழு வயதுக்காரனுக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபது என்றால் ஊருக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறது. எங்கள் ஊரில் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் பையனுக்கு ஒரு தலைவலி வந்து நான் பாத்ததில்ல" என்றார் என் மாமியார், புத்தூர் நாயக் டாக்டரின் சீட்டைக் கையில் வாங்கியதுமே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தோட்டத்துப் பாக்கு மரங்களைப் பார்த்துச் சொன்னார். பாக்கு மரங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் எனக்குத்தான் என்று புரிந்துகொண்டேன்.

என் கணவர் தனஞ்சய ஹொள்ளா யக்ஷகானக் கூத்தில் பாகவதர். மேடையில் உட்கார்ந்து வெண்கலத் தாளம் தட்டியபடி கதை முழுவதையும் பாடி, அத்தனை வேஷக்காரர்களையும் ஆட்டிவைக்கிறவர். நவம்பரில் குழு கிளம்பினால் தினம் ஒரு ஊர், தினம் விடிய விடிய ஒரு ஆட்டம். மே மாதக் கடைசியில் பத்தனாஜே என்கிற நாளில் சலங்கையை அவிழ்த்து வைத்தால்தான் ஓய்வு. அப்புறம் மழை முடியும்வரை வீட்டில்தான் இருப்பார்.

ஆட்டக் காலத்தில் தினமும் நாலு மணிக்குக் குழுவின் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் நான் பையைத் தயாராக வைத்திருப்பேன். சால்வை, மாற்று வேட்டி, அதிமதுரத் துண்டு போட்ட சின்ன டப்பா, பிளாஸ்க் நிறைய அதிமதுரக் கஷாயம். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலம் முழுக்க, பாகவதர் பெண்டாட்டி என்றால் அவர் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை.

நாயக் டாக்டர் நல்லவர்தான். ஆனால் பதில் தெரியாத கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

"காரணம் காரணம்னு தேடாதீங்கம்மா. நூத்துல தொண்ணூறு பேருக்குக் காரணமே கிடையாது."

"அது வயசானவங்களுக்கு டாக்டர். இவருக்கு இருபத்தேழுதானே ஆகுது."

"அப்படின்னா டென்ஷன். வீட்ல ஏதாவது சண்டை சச்சரவு?"

பார்த்தீர்களா, இவரும் அங்கேதான் வந்து நின்றார். அப்புறம் வரிசையாகக் கேட்டார். சிகரெட் உண்டா, குடி உண்டா, புகையிலை உண்டா, வேறே ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து? என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொன்னேன். "ஒண்ணும் கிடையாது டாக்டர். வெத்தல கூடப் போடமாட்டார்." பெருமையாகத்தான் சொன்னேன்.

மாத்திரை வந்தது. உப்பு போனது. வீட்டில் மூன்று பேருக்கும் உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத குழம்பு. வடுமாங்காய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினேன். மாமியார் முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு என்ன வியாதின்னும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது" என்றார். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுத்தம் இறங்கவும் இல்லை.

பத்தனாஜே வந்தது. குழு கலைந்தது. மழையில் வீட்டோடு கிடந்தார். ஆகஸ்டில் பார்த்தால் நூற்று இருபதுக்கு எண்பது! நாயக் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என் மாத்திரை எப்படி?" என்றார். மெதுவாகக் குறைத்து, செப்டம்பரில் நிறுத்தியும் விட்டார். நான் வடுமாங்காய் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

நவம்பரில் மறுபடி வேன் வந்தது. ஜனவரியில் நூற்று எண்பதுக்கு நூற்று பத்து. இந்த முறை கெண்டைக்காலில் பிடிப்பு வேறு. படி ஏறினால் தொடை நடுங்கியது.

"கணக்கு சரியா வருது பாருங்க" என்றார் நாயக் டாக்டர். "ஆட்டம் இருந்தா ஏறுது. ஆட்டம் இல்லன்னா இறங்குது. கண்ணு முழிச்சுக் கத்தறதுதான் காரணம். பாட்டை விட்டுடுங்க."

கத்தறது என்றார். பாகவதர் முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பெங்களூரில் அவருடைய சித்தப்பா ஓட்டல் வைத்திருக்கிறார். "கல்லாவுல உட்கார ஆள் வேணும், வரச் சொல்லு" என்று போனில் சொல்லிவிட்டார். இந்த வருஷம் பத்தனாஜேயோடு சரி என்று பேசி முடித்தார்கள். என் கணவர் குளிக்கும்போது முனகிப் பாடுவார், அது நின்றுபோனது. பதினாலு வயதிலிருந்து அந்த மனிதனுக்குத் தெரிந்தது பாட்டு ஒன்றுதான். அவரைக் கல்லாவில் உட்காரவைத்து, இட்லிக்கும் காப்பிக்கும் சில்லறை கொடுக்கச் சொல்லப்போகிறார்கள்.

பிப்ரவரியில் பெள்தங்கடி பக்கம் ஒரு ஆட்டம். பாதிப் பாட்டில் விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டு தாளம் கையிலிருந்து விழுந்துவிட்டதாம். அவர் சொல்லவில்லை, வேன் டிரைவர் சொன்னான். பத்தனாஜேவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே மங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஷமீனா சிறுநீரகத்துக்குப் படித்தவர். என் வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் அழுத்தம் பார்த்தார், பிறகு காலிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது, கால் பிடிப்பும் விரல் பிடிப்பும் அதனால்தான் என்றார். அதற்கு மருந்து கொடுத்து, சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். கட்டி என்ற சொல்லோடு இரண்டு வாரம் குடும்பம் நடத்தினோம். மாமியார் பாக்கு மரங்களிடம் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

நான் வெடித்துவிட்டேன். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஒரு வருஷமா இதையேதான் கேக்கறேன். ஒண்ணும் இல்லன்னா ஏன் டாக்டர் ஏறுது? பாட்டை விடச் சொல்றாங்க. அவர் உயிரை விடச் சொல்ற மாதிரி இருக்கு. காரணமாவது தெரிஞ்சா விடலாம். ஒண்ணும் இல்லாததுக்கு எப்படி விடறது?"

டாக்டர் கோபப்படவில்லை. "எனக்கும் அதே எரிச்சல்தாங்க" என்றார். "உப்பை உடம்புல பிடிச்சு வைக்கச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு இருக்கு. இவருக்கு அது ரொம்பக் கம்மி. ஆனா உடம்பு மட்டும் அது எக்கச்சக்கமா இருக்கற மாதிரி நடந்துக்குது. வெளியிலேருந்து ஏதோ உள்ள போகுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நாட்டு மருந்து, லேகியம், பொடி எதாவது?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். வெத்தல கூடப் போடமாட்டார்."

அப்போது பக்கத்தில் நின்றிருந்த பிளேவியா சிஸ்டருக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், நிற்கவில்லை. என் கணவருக்குப் பிறர் தொண்டை கரகரத்தால் பொறுக்காது. சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார்.

"ஒரு துண்டு வாயில அடக்கிக்குங்க சிஸ்டர். பத்து நிமிஷத்துல நிக்கும்."

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"அதிமதுரம் டாக்டர்."

"ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?"

"இதுக்கு ஏது கணக்கு? ஆட்டம் முடியறவரைக்கும் வாயில ஒண்ணு இருக்கும். அப்புறம் வினுதா குடுக்கற கஷாயம் ஒரு பிளாஸ்க். அதுவும் இதுதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாட்டு மருந்து உண்டான்னு இப்பத்தானேங்க கேட்டேன்."

"அது மருந்து இல்லையே டாக்டர்" என்றேன். "அது தொண்டைக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு சொன்னார்: அளவுக்கு மீறினால் அதிமதுரம் அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும், உப்பை வெளியே விடாது, பொட்டாசியத்தை நிறுத்தி வைக்காது. "மழைக்காலத்துல சாப்பிடுவீங்களா?"

"பாட்டே இல்லாம எதுக்கு டாக்டர்?"

"அப்போ ஏத்தினது பாட்டு இல்ல."

என் கணவர் கையிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, நாயக் டாக்டரின் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. அவர் மட்டுமா, நவம்பரிலிருந்து மே வரை நடப்பது ஆட்டம் மட்டும்தான் என்று நினைத்த எல்லோரையும்.

திரும்பும் பஸ்ஸில் பண்ட்வாள் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு வினு. அந்தக் கஷாயம் எனக்கு முதல்லேருந்தே பிடிக்காது. ஒரே தித்திப்பு."

"என்னது? ஏன் சொல்லல?"

"நீ ஆசையாக் காய்ச்சித் தர்றே."

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க?"

"தொண்டை கட்டினா ரெண்டு துண்டு. அவ்வளவுதான்."

ஒரு வருஷமாக மாமியாரின் ஒரே ஒரு வாக்கியத்தோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அதிமதுரத்தை அடியோடு நிறுத்தினோம். பாட்டை நிறுத்தவில்லை. பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வேனில் ஏறினார். ஏப்ரலில் நாயக் டாக்டரின் அதே கருவியில், ஆட்டக் காலத்தின் நடுவில், நூற்று இருபத்துநாலுக்கு எண்பது. பெங்களூருக்கு அவரே போன் போட்டு, "சித்தப்பா, வேற ஆள் பாத்துக்குங்க" என்றார்.

"காரணம் என்னவாம்?" என்று அன்று சாப்பாட்டில் மாமியார் கேட்டார். அதுவரை அவரிடம் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை.

"தொண்டைக்குன்னு நான் தின்ன அதிமதுரம்தான்மா" என்றார் என் கணவர் சட்டென்று. கஷாயத்தைப் பற்றிய பேச்சைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

மாமியார் என் தட்டில் ஒரு வடுமாங்காயை வைத்தார். "பாவம், நீயும்தான் உப்பில்லாம கெடந்தே. நான் வேற வாய்க்கு வந்ததைச் சொல்லி..."

அது என்னால் தாங்க முடியாமல் போனது. "நீங்க சொன்னது சரிதான் அத்தை" என்றேன். "தினம் பிளாஸ்க் நிறையக் காய்ச்சிக் குடுத்தது நான்."

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

நாலு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. குளியலறையிலிருந்து பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் பிளாஸ்க்கை மூடிப் பையில் வைக்கப் போனேன். மாமியார் வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"வெறும் வெந்நீர்தான் அத்தை. ஒண்ணும் கலக்கல."

தலையை ஆட்டினார். ஆனாலும் மூடியைத் திருகித் திறந்து, மூக்கருகே வைத்து நன்றாக மோந்து பார்த்த பிறகுதான் பையில் வைத்தார். எனக்குக் கோபமே வரவில்லை.