கொரிந்தில் வாசிக்கப்பட்ட கடிதம்

முடிவு தெரிவதற்கு முன்பே பிரியாணி வந்துவிட்டது. அடையாற்றில் இருந்த அந்த ஆய்வு நிறுவனத்தின் பின்வாசலில், சைதாப்பேட்டையிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றிவந்த இரண்டு பெரிய தேக்சாப் பாத்திரங்களை மெஹபூப் பாஷா இறக்கிவைத்தார். மூடிகளின் விளிம்பைச் சுற்றி மைதா மாவு பூசி அடைத்திருந்தது.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது முனைவர் பட்ட மாணவர்களின் வழக்கம். தேறிய பின் சமைப்பதா, தேறுவதற்கு முன்பே சமைப்பதா என்பதில் அந்த வழக்கம் தெளிவாக இல்லை. மெஹபூப் பாஷா தெளிவாக இருந்தார்.

“இன்னா தூபா, எத்தினி மணிக்கு வுடுவாங்க? தம் போட்டு எடுத்துக்கினு வந்துட்டேன்.”

“பாஸ் ஆவலன்னா இன்னா மாமு பண்ணுவே?”

“சோகத்தோட சாப்டுவோம். பிரியாணிக்கு அது தெரியவா போவுது?”

“கறி சாப்டாதவங்களும் வந்திருக்காங்க.”

“உங்க ரஞ்சனி மேடத்துக்குத் தயிர் சாதம் தனியா கீது. உன் மாமன இன்னான்னு நெனச்சிக்கினு கீறே?”

தூபா சிரிக்கவில்லை. அவளுடைய ஆய்வேடு ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இன்றும் ஏற்கப்படாவிட்டால் பதிவே ரத்தாகும் என்பது நிறுவனத்தின் விதி. திருப்பி அனுப்பிய பேராசிரியர் ஞானதுரையே இன்றும் தேர்வாளர்.

ஆய்வேடு ஒரே கேள்வியைப் பற்றியது. இயேசுவின் வரலாற்றைச் சொன்ன ஏடுகளும், பவுல் முதலியோர் ஊர் ஊராக எழுதிய கடிதங்களும் எப்படி வேதமாயின? ஆயர்கள் ஒரு மாநாட்டில் கூடி வாக்கெடுத்து முடிவு செய்தார்கள் என்றே பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததற்குச் சான்றில்லை என்று தூபா எழுதியிருந்தாள். இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள நூல்களை மட்டும், ஒன்றும் கூடாமல் குறையாமல், நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் ஒருவர் பட்டியலிட்டார். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சபைகள் கூடும்போதெல்லாம் உரக்க வாசித்துவந்தன. ஓர் ஊர் வாசித்ததை அடுத்த ஊர் கேட்டு வாங்கிப் படியெடுத்தது. வாசித்து வாசித்தே அவை வேதமாயின. பட்டியல் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வந்தது. இதுவே அவள் வாதம்.

மண்டபத்தில் முன்வரிசையில் ஆய்வு நெறியாளர் ஸ்ரீரஞ்சனி அமர்ந்திருந்தார். பின்வரிசையில் தூபாவின் தாய் அமீனா பீயும் உறவுப் பெண்களும் இருந்தார்கள். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு ஞானதுரை கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா தூபா, உங்க வாதத்தையே நான் எடுத்துக்கறேன். சபையில வாசிச்சதால வேதமாச்சு. சரி. முதல் நூற்றாண்டு முடியற சமயத்துல ரோமாபுரிச் சபை கிரேக்க ஊரான கொரிந்துக்கு ஒரு கடிதம் எழுதிச்சு. ரெண்டு தலைமுறைக்கு அப்புறமும் கொரிந்துல அத வாசிச்சாங்க. மத்த ஊர்லயும் வாசிச்சாங்க. அப்படி இருக்க, அது ஏன் புதிய ஏற்பாட்டுல இல்ல?”

“மத்த புத்தகங்கள விட அது பின்னாடி வந்தது சார்.”

“ஒண்ணு ரெண்டு புத்தகம் அதுக்கும் பின்னாடி எழுதினதுன்னு நீங்களே ரெண்டாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க.”

அவள் எழுதித்தான் இருந்தாள். ஸ்ரீரஞ்சனி தம் பேனாவைத் திறந்து மூடினார். கேள்வி நியாயமானது, அதற்கு விடையில்லையென்றால் ஆய்வேடும் இல்லை. தூபா தண்ணீர்க் குவளையை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

அப்போது சன்னல் வழியாகப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. பின்வரிசையில் அமீனா பீயின் கை எழுந்து முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டது. அடுத்தடுத்து அமர்ந்திருந்த பெண்களின் கைகளும் எழுந்தன. ஞானதுரை மரியாதையாகக் காத்திருந்தார். தன் துப்பட்டாவும் தலைக்கு ஏறியிருப்பதைத் தூபா அதன் பிறகே உணர்ந்தாள்.

இத்தனை நேரமும் இந்த மண்டபத்தில் வேதங்களைப் பற்றியே பேச்சு. எல்லாரும் அக்கறையாகக் கேட்டார்கள். ஒரு கையும் எழவில்லை. இப்போது எழுந்தது. மூடுங்கள் என்று யாரும் அறிவிக்கவில்லை. கேட்பதிலேயே இரண்டு வகை இருந்தது. கேட்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

அந்தக் கடிதம் எங்கே தலையை மூடிக்கொள்கிறது?

பாங்கு முடிந்தது. அவள் மேசையிலிருந்த, அந்தக் கடிதம் அடங்கிய நூலில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தாள்.

“சார், சபையில வாசிச்ச எல்லாத்தையும் அவங்க ஒரே மாதிரி கேக்கல.”

“கேட்டவங்க யாரும் எழுதிவைக்கலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தக் கடிதமே சொல்லுது சார். கொரிந்துல சண்டை. சமாதானம் பண்ணத்தான் ரோமிலேருந்து எழுதறாங்க. பக்கம் பக்கமா புத்தி சொல்லிட்டு, ஒரு இடத்துல தன் பேச்ச நிறுத்திக்குது. உங்க ஊருக்குப் பவுல் எழுதின கடிதத்த எடுத்துப் பாருங்க, அவர் பரிசுத்த ஆவியால எழுதினாருங்குது. பவுலோட எடத்த அது தனக்குன்னு கேக்கவே இல்ல. இன்னொரு கடிதத்துக்கு முன்னாடி முக்காடு போட்டுக்குது சார். கொரிந்துல அத வாசிக்கறப்பல்லாம், எது மேலன்னு ஜனங்க அதுலயே கேட்டுக்கினு இருந்திருக்காங்க.”

மேடைத் தமிழிலிருந்து வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

“வேற சான்று?”

“ஒரு பழைய பட்டியல் இருக்கு சார். ரோமில அப்போ புதுசா வந்த ஒரு புத்தகத்தப் பத்திச் சொல்லுது: படிக்கலாம், ஆனா தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர்கள் எழுதினதோட சேத்து சபையில வாசிக்கக் கூடாதுன்னு. அவங்களுக்கு ரெண்டு வாசிப்பும் தனித்தனியாத் தெரிஞ்சிருக்கு.”

“அப்போ, வாசிச்சதால வேதமாச்சுன்னு நீங்க எழுதினது தப்புதானே?”

ஸ்ரீரஞ்சனி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பாதி தப்பு சார். வாசிச்சது மட்டும் போதாது. எதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் தலைய மூடிக்கிச்சோ, அதுதான் வேதமாச்சு. ஆனா மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடல. அந்தப் பாதியில நான் ஒரு சொல்லும் மாத்த மாட்டேன்.”

ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார். பிறகு மூடினார்.

“இது உள்ள எங்கயும் இல்லையே?”

“இல்ல சார். இப்பத்தான் தெரிஞ்சுது.”

“அச்சுக்குப் போறப்ப சேருங்க. அடிக்குறிப்புல ஒளிச்சு வைக்காதீங்க, முன்னுரையில போடுங்க.” அவர் எழுந்தார். “போன தடவ இதத் திருப்பி அனுப்பினது நான்தான். இன்னிக்குப் பட்டத்துக்குப் பரிந்துரை பண்றதும் நான்தான். வாழ்த்துகள், டாக்டர் தூபா.”

கைதட்டல் பின்வரிசையில் தொடங்கியது. ஸ்ரீரஞ்சனி மேடைக்கு வந்து அவள் தோளைப் பிடித்தார்.

“அந்தத் தண்ணிய நீ குடிக்காம வச்சப்போ எனக்கு மூச்சே நின்னுடுத்து. அடுத்த தடவை குடிச்சுத் தொலை.”

“அடுத்த தடவை இல்ல மேடம்.”

பின்வாசலில் மெஹபூப் பாஷா கரண்டியோடு நின்றிருந்தார். கைதட்டல் அங்கேவரை கேட்டிருந்தது. ஆனாலும் அவர் மூடியைத் தொடவில்லை.

“வா டாக்டரம்மா. யாரையும் கிட்ட வுடல. நீதான் தொறக்கணும்.”

காய்ந்த மாவை அவள் கரண்டிக் காம்பால் தட்டினாள். அது உடைந்து விழுந்தது. மூடி எழுந்தது, ஆவி வேப்பங்கிளைவரை ஏறியது. வரிசையில் முதல் ஆளாகத் தட்டோடு நின்றவர் பேராசிரியர் ஞானதுரை.