கடைசி பீரியடில் கடல்

விருத்தாசலம் கல்லூரியில் யார் எந்த விருப்பப் பாடம் எடுப்பது என்பதைப் பேராசிரியர்கள் முடிவு செய்வதில்லை. பெற்றவர்கள் முடிவு செய்வதில்லை. படிக்கிற பிள்ளைகள் சுத்தமாக முடிவு செய்வதில்லை. பஸ்தான் முடிவு செய்யும். வேப்பூர் பஸ்ஸில் வருகிறவர்கள் அத்தனை பேரும் உணவும் ஊட்டச்சத்தும். திட்டக்குடி பஸ் மொத்தமும் கணினி அடிப்படை. நல்லூர் பஸ் என்றால் அலுவலக மேலாண்மை. அந்த வகுப்பு விடுவதற்கும் நல்லூர் போகிற வீரம்மாள் பஸ் கல்லூரி வாசலில் வந்து ஹாரன் அடிப்பதற்கும் நடுவில் ஒரு தும்மல் போடத்தான் நேரம் இருக்கும். தும்மினவர்கள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் நல்லூர் இளமதி, பி.காம். முதல் வருஷம், போய்க் கடலியலில் டிக் அடித்துவிட்டாள்.

பி.காம். அவள் கேட்டு வந்ததில்லை. மார்க்கு அந்தக் கதவைத் திறந்தது, அப்பா பின்னாலிருந்து தள்ளிவிட்டார். எந்த செக்‌ஷன், எந்த பெஞ்சு, என்னென்ன பாடம் எல்லாம் ஏற்கெனவே அச்சடித்து வந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒருவர், அது காகிதமாகவே இருக்கட்டுமே, உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார். பட்டியலில் கடைசி வரியில் 'கடலியல் அறிமுகம்' என்று இருந்தது. பேனா தானாகப் போய் அங்கே நின்றது.

காரணம் இல்லாமல் இல்லை. கடலூர் மாவட்டத்தில் பிறந்து கடலைப் பார்க்காதவள் அவள். மாசி மகத்துக்கு ஊர் உலகமெல்லாம் கடலுக்குப் போய் முழுகும். இவள் வீட்டில் மணிமுத்தாற்றிலேயே முழுகிவிட்டு, பொரி வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவார்கள். ஸ்கூல் டூர் ஒருமுறை கடற்கரைக்குக் கிளம்பியது. நெய்வேலி தாண்டுவதற்குள் பாதி பஸ் வாந்தி எடுத்து, மீதிப் பாதி அதைப் பார்த்து எடுத்து, டிரைவரும் எடுத்தபிறகு வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

காகிதத்தை வாங்கிக்கொண்ட ஆபீஸ்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பத்துப் பேரு சேந்தாத்தான் பாடம் நடக்கும் பாப்பா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பாப்போம். சேரலைன்னா உன்னைத் தூக்கி அலுவலக மேலாண்மையில போட்டுருவோம்."

"இப்ப எத்தனை பேரு சார் இருக்காங்க?"

"உன்னோட சேத்தா?"

"ஆமா சார்."

"ஒண்ணு."

அன்று பஸ்ஸில் விசாரணை நடந்தது. விசாரித்தவள் ஜெயஸ்ரீ. இவளும் முதல் வருஷம்தான், ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து வீரம்மாள் பஸ்ஸில் போய்வருகிறவள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் சீட்டில் அவள் கைக்குட்டை கிடந்தால் கலெக்டரே ஏறினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"கடைசி பீரியடாமே?"

"ஆமாடி."

"அது முடியறதுக்குள்ள பஸ்ஸு பூடும். அடுத்த பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் தெரியுமா? அதுக்குள்ள ஒரு வெடக்கோழி முட்டை வுட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரிச்சுடும்."

"பரவால்ல."

"கடலப் படிச்சு என்ன பண்ணப்போற? நல்லூர்ல கப்பல் வுடப்போறியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. இளமதியும் கொஞ்சம் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது பேருக்கு எங்கே போவது?

புதன்கிழமை முதல் வகுப்பு. புண்ணியத்தில் காசியைவிட ஒரு வீசம் அதிகம் என்று பேர் வாங்கின ஊர் இது. வெயில் கணக்கில் மட்டும் ஒன்பது காசிக்குச் சமம். அன்றைக்கு அடித்த அடியில் பீங்கான் கம்பெனிக்காரர்கள் சூளையை அணைத்துவிட்டு பொம்மைகளை வாசலிலேயே வைத்துச் சுட்டு எடுத்தார்கள். வகுப்பறையில் மின்விசிறி சுற்றியது, ஆனால் அதற்கே வேர்த்தது. அறுபது பேர் உட்காரும் அறையில் இளமதி ஒருத்தி. உத்தரத்தில் ஒரு புறா.

வளர்மதி மேடம் வந்தார். சின்ன வயசு. கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவர். வருஷா வருஷம் இந்தப் பாடத்தைப் பட்டியலில் போடுவார். வருஷா வருஷம் ஆள் சேராமல் அடித்துவிடுவார்கள். காலி பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

"ஒருத்தி வந்திருக்கியே, போதும். ஓரத்துல உக்காராத, நடுவுல வா. ரெண்டு பக்கமும் தண்ணி வரணும்."

வந்தது. இதை யாரும் நம்பவேண்டாம், ஆனால் வந்தது. மேடம் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, இதுக்கு மேல வெளிச்சம், இதுக்குக் கீழ இருட்டு என்றார். இளமதி கோட்டுக்குக் கீழே இறங்கினாள். பச்சை போய் நீலம், நீலம் போய்க் கருநீலம். வெயில் மேலேயே நின்றுவிட்டது. அதற்கு நீந்தத் தெரியாது. அங்கே தன் தலையில் தானே விளக்கேற்றிக்கொண்டு மீன்கள் போயின. கரண்டு கட் இல்லாத ஊர். மேலே செத்துப்போன சின்னஞ்சிறு உயிர்களின் தூளெல்லாம் பனி மாதிரி இராப்பகலாக இறங்கிக்கொண்டே இருக்கும் என்றார் மேடம். விருத்தாசலத்தில், ஆனி மாசத்தில், அந்த நடு பெஞ்சில் பனி பெய்தது. புறா கூட இறக்கையை உதறிக்கொண்டது.

பிறகு மேடம் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவள் கையில் வைத்தார். பழுப்புக் கல். அதன் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு சிப்பி, வரி வரியாக, நேற்றுதான் மூடிக்கொண்ட மாதிரி.

"எந்தக் கடற்கரையில எடுத்தது சொல்லு பாப்போம்?"

"தெரியல மேடம்."

"கடற்கரை இல்ல. இங்கேருந்து சைக்கிள்ல போற தூரம். கெணறு வெட்டுன எடத்துல. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கமெல்லாம் கடலு. நீ உக்காந்திருக்கிற எடம் கடலோட தரை."

இளமதி தன்னையறியாமல் கீழே குனிந்து பார்த்தாள். செருப்பு, சிமெண்டுத் தரை, யாரோ போட்ட புளிப்பு மிட்டாய்க் காகிதம்.

"அப்புறம் எங்க மேடம் போச்சு?"

மணி அடித்தது.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார் மேடம். ரயிலுக்குப் பையை மாட்டிக்கொண்டே, "கிளாஸு இருந்தா" என்றார்.

வாசலில் பஸ் இல்லை. இளமதி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். சாலையோரம் பீங்கான் கடைகளில் வாத்து, மீன், ஆமை எல்லாம் தட்டிலிருந்து இறங்கி அவள் கூடவே கொஞ்ச தூரம் நீந்தி வந்தன. அடுத்த பஸ் வருவதற்குள் ஒரு கோழி குஞ்சு பொரித்ததா என்று அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜெயஸ்ரீ, "என்னாடி, கடல்ல முழுகினியா?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். இளமதி சொல்ல ஆரம்பித்தாள். தலையில் விளக்கு வைத்த மீனைச் சொன்னாள். பனியைச் சொன்னாள். பேச்சு ஒவ்வொரு சீட்டாக அடங்கி வந்தது. கண்டக்டர் கோவிந்தராசு டிக்கெட்டைக் கிழிக்கப்போய்க் கிழிக்காமல் நின்றார். இரண்டு ஸ்டாப்பிங்கில் விசில் அடிக்க மறந்தார். இறங்கவேண்டியவர்களும் இறங்க மறந்தார்கள், அதனால் வம்பு வரவில்லை. கல்லையும் சிப்பியையும் சொல்லி, நம்ம ஊரே கடலடியில் இருந்தது என்று முடித்தாள்.

"அப்ப எங்க வூட்டு மேல மீனு போயிருக்குமா?" என்றாள் ஜெயஸ்ரீ.

"போயிருக்கும்."

"எங்க பெரியப்பா வூட்டு மேலயும்?"

"அவங்க வூட்டு மேலயும்தான்."

அது ஜெயஸ்ரீக்குப் பிடிக்கவில்லை. "சரி, அந்தக் கடலு இப்ப எங்க?"

"தெரியாதுடி. நாளைக்குச் சொல்றேன்னாங்க. கிளாஸு நடந்தா."

பின்சீட்டில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த சக்கரபாணி என்கிற பெரிய விவசாயி தொண்டையைக் கனைத்தார். "இதுல தெரியாம என்னா இருக்குது? கடலூர்ல இருக்குது. நம்மளுதுதான், அவங்க இழுத்துக்கினு பூட்டாங்க."

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

"ஆத்துத் தண்ணிதான் நிக்கமாட்டேங்குதுன்னு பாத்தா," என்றார் சக்கரபாணி, "கடலையே வுட்டுட்டு உக்காந்திருக்கோம்."

அவ்வளவுதான். பஸ் விருத்தாசலம் வருவதற்குள் விஷயம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோரு மணிக்கு டீக்கடையில் கடலை மீட்பது பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டு மணிக்கு மறியலுக்கு நல்ல நாள் பார்த்தார்கள். இரண்டு மணிக்கு, கடல் திரும்பி வந்தால் எந்த வார்டு வழியாக வரவேண்டும் என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை வந்து ஒருவர் சட்டை கிழிந்தது. எது எப்படியோ, நல்லூர் பஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்போது ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது: கடல் எப்படிப் போனது? ஆனால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பஸ்ஸை விடவேண்டும். கடலா பஸ்ஸா என்றால் நல்லூர்க்காரர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு பஸ்ஸில்தான் ஏறுவார்கள்.

சாயந்திரம் நல்லூரில் எல்லாரும் இறங்கினபிறகும் இளமதி இறங்கவில்லை. டிரைவர் காத்தவராயன் ஸ்டியரிங்கில் துண்டைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"புதன், வெள்ளி மட்டும் பஸ்ஸக் கொஞ்சம் லேட்டா எடுக்க முடியுமாண்ணே? கடைசி பீரியடு முடிஞ்சு?"

காத்தவராயன் சிரித்தார். "டைமிங்குன்னா என்னான்னு தெரியுமா? ஒரு நிமிஷம் முன்னப்பின்ன எடுத்தா பின்னாடி வர்ற பஸ்ஸு டிரைவரு விருத்தகிரி அவன் வண்டியக் குறுக்க போட்டுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்குவான். நான் மட்டும் என்னா, நானும் கட்டிக்குவேன்."

"சரிண்ணே." இளமதி படியில் ஒரு கால் வைத்தாள். அவளைக் கேட்ட ஒரே ஒரு கட்டம். நாளைக்கு அதையும் அடித்து அலுவலக மேலாண்மை என்று எழுதுவார்கள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, அந்தக் கடலு எங்கதாம்மா போச்சு?" என்றார் காத்தவராயன்.

"தெரியலண்ணே. கிளாஸு நடந்தாத்தான் எனக்கே தெரியும்."

அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். பக்கத்தில் கோவிந்தராசு சில்லறையை எண்ணுகிற மாதிரி நடித்துக்கொண்டு, "விருத்தகிரிக்கு நமக்கு முன்னாடி போற டைமுன்னா உசுரு. குடுத்தா மாத்திக்குவான்" என்று காற்றிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கோவிந்தராசு படியில் நின்றபடி அறிவித்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸுல சொல்லி எழுதியாச்சு. புதன், வெள்ளி விருத்தகிரி வண்டி நம்ம டைமுக்குப் போகும். நம்ம வண்டி அவன் டைமுக்குப் போகும். கடைசி பீரியடு வுட்டப்புறம்தான்."

"ரெண்டு மணி நேரம் காத்திருக்கணுமே" என்றது ஒரு குரல்.

"காத்திருக்காதீங்க. விருத்தகிரி வண்டியில போங்க."

விருத்தகிரி வண்டியிலா? பஸ்ஸில் முகம் சுளிக்காத ஆள் இல்லை. அந்த வண்டியில் பாட்டு சரியில்லை, சீட்டில் ஆணி, கண்டக்டருக்குச் சிரிக்க வராது. இந்த பஸ்ஸிலேயே போகவேண்டும் என்றால் கடைசி பீரியடு வரை இருக்கவேண்டும். இருக்கிறதுதான் இருக்கிறோம், கடலில் இருப்போமே. மத்தியானத்துக்குள் எட்டுப் பேர் ஆபீஸில் போய்ப் பாடம் மாற்றிக்கொண்டார்கள். ஆபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

இளமதியோடு ஒன்பது. ஜெயஸ்ரீ மட்டும் மாற்றவில்லை. "கதையக் கேப்பேன். ஆனா பேரு குடுக்கமாட்டேன்" என்றாள். ஒரு சின்னக் கட்டத்துக்காகத் தன் பஸ்ஸின் நேரத்தையே ஒருத்தி மாற்றிவிட்டாள் என்பது அவளுக்குள் புளித்துக்கொண்டிருந்தது.

கடைசி பீரியடு. பிள்ளைகள் பெஞ்சில். ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் கோவிந்தராசும் காத்தவராயனும், யாரோ தெரிந்தவர்களைப் பார்க்க வந்த மாதிரி. உத்தரத்தில் அதே புறா, ஜோடியோடு. வளர்மதி மேடம் உள்ளே வந்து, நடு பெஞ்சுகளில் பிள்ளைகளைப் பார்த்து, தப்பான அறையோ என்று திரும்பிக் கதவு எண்ணைப் பார்த்தார்.

"மேடம்," ஜெயஸ்ரீ எழுந்தாள். "நீங்க கடலூரா?"

"ஆமா. ஏன்?"

"எங்க கடல எப்ப எடுத்தீங்க?"

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அந்தப் புறாக்களுக்குத்தான் தெரியும். மெதுவாகச் சாக்பீஸை எடுத்தார்.

யாரும் எடுக்கவில்லை என்றார். தரை கொஞ்சம் உயர்ந்தது. கடல் கொஞ்சம் தாழ்ந்தது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. நகம் வளருகிற வேகம்கூட இல்லை. போகிறது என்று கடலுக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு சிப்பி மூடிக்கொண்டது, அதற்கு மேல் தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லெல்லாம் அது விட்டுப்போன ஓடுகள். நீங்கள் கட்டியிருக்கிற வீட்டுச் சுவரில் கொஞ்சம் கடல் இருக்கலாம்.

சொல்லச் சொல்ல அறை நிறைந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. நோட்டெல்லாம் மிதந்தது. கடைசி பெஞ்சுக்காரன் வாயைத் திறந்தான், குமிழி வந்தது. கல் கை மாறி மாறிப் போய் ஜெயஸ்ரீயிடம் வந்தபோது அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு யாரும் பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டு இறக்கினாள்.

"திரும்ப வருமா மேடம்?"

"வரலாம். கொஞ்சம் லேட்டாகும்."

ஜன்னலுக்கு வெளியே காத்தவராயன், "நம்ம டைமிங்க அது கெடுக்காம இருந்தா சரி" என்றார்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. இளமதி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். இன்னும் சாத்தவில்லை. அவள் ஜெயஸ்ரீயிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டாள் என்று தெரியும். ஜெயஸ்ரீ கல்லை மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஜன்னல் சீட்டு என்னுதுதான்" என்றாள்.

"உன்னுதுதான்" என்றாள் இளமதி.

"கடல்லயும்."

"கடல்லயும்தான்டி."

ஜெயஸ்ரீ ஆபீஸுக்கு நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஆபீஸ்காரர் ஜன்னல் கதவில் கை வைத்த நேரத்தில் அவள் அங்கே இருந்தாள்.

பஸ் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. காத்தவராயன் பாட்டைப் போட மறந்தார். பீங்கான் கடை மீன்கள் இரண்டு பக்கமும் வாலை ஆட்டி வழி விட்டன. பனைகள் அடியிலிருந்து மெல்ல அசைந்தன. கோவிந்தராசு விசில் ஊதினார். சத்தம் வெகு தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

நல்லூர் வந்தது. புழுதி. ஒரு ஆடு. ஜெயஸ்ரீதான் முதலில் இறங்கினாள். கடைசிப் படியில் ஒரு நொடி நின்று, கீழே பார்த்து, நனையாமல் இருக்கச் சுடிதார் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை வைத்தாள்.